தாஹாவில் ஒரு பென்சில் குறி

தம்பி இர்ஃபான்,

நேரில் பேச உட்கார்ந்தால் பாதியிலேயே ஏதாவது சிரிப்புக் காட்டி நான் நழுவிவிடுவேன். அது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். சாவி வெட்டுகிற கையால் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் பிழைகளை ஒன்பது வருடம் நான் பொறுத்துக்கொள்ளவில்லை என்று நீ சொல்லலாம். சரிதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் நிக்காஹ்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. போன வாரம் உன் சுமையா என் கடைக்குப் போன் செய்தாள். உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். "மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றாள். நான் ஏதோ நகை விஷயம் என்று நினைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இல்ல மாமா, அவர் ஓதுறப்ப நீங்க பென்சில்ல குறி போட்டு வச்சிருப்பீங்களாமே, அந்தக் குர்ஆன எனக்குத் தருவீங்களா? கல்யாணத்துக்கப்புறம் அவருக்குப் பாடம் கேக்கப் போறது நான்தானே. எந்தெந்த இடத்துல தடுமாறுவார்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றாள். எவ்வளவு மரியாதையான பிள்ளை! அவளும் குர்ஆனின் முப்பது பாகத்தையும், முப்பது ஜுஸ்வும் மனப்பாடம் செய்தவள். கையில் புத்தகமே இல்லாமல் உனக்குப் பாடம் கேட்கக் கூடியவள். எனக்கு வயிறு எரிந்தது. "பார்க்கலாம்மா, வாடிக்கையாளர் வந்துட்டாரு" என்று வைத்துவிட்டேன். கடையில் ஒரு பூனைதான் இருந்தது.

ஆமாம், பொறாமைதான். பெற்ற மகனுக்கு வரப்போகிற மனைவி மீது, அதுவும் அல்லாஹ்வின் வேதத்தை நெஞ்சில் வைத்திருக்கிற பிள்ளை மீது பொறாமைப்பட்ட ஒரே சாவிக்காரன் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் என் பக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். கிள்ளானில் காலை ரயில் ஏறி செண்ட்ரல் ஸ்டேசனில் இறங்கும் வரை நீ ஓத, நான் அந்தக் குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொடர்ந்து வருவேன். ஒரு நாளைக்கு ஒரு ஜுஸ்வு. நீ கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வேலைக்குப் போகிற இந்த நாள் வரை ஒன்பது வருடம். நீ நின்றால் அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுப்பேன். தப்பினால் தொடையைத் தட்டுவேன். தட்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் தேதி. உலகத்தில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அதுதான். சாவிக் கடை வெறும் பிழைப்பு.

நம் பெட்டியில் பாடாங் ஜாவாவில் ஏறுகிற லெட்சுமி அக்காவை நினைத்துப் பார். ஆஸ்பத்திரி நர்ஸ், எதிர் இருக்கை, மடியில் எப்போதும் சாப்பாட்டுப் பை. அவருக்கு ஓதலில் ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் இறங்கும்போது கணக்காகச் சொல்வார்.

"அண்ணே, இன்னிக்குத் தம்பி நாலு தடவ மாட்டிக்கிட்டாரு போல?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தம்பி மூஞ்சியப் பார்த்தா ஒண்ணும் தெரியலண்ணே. உங்க மூஞ்சியப் பார்த்தா தெரியுது. அவரு தப்பு பண்ணா உங்களுக்கு எவ்ளோ குஷி!"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஒரு நர்ஸுக்குத் தெரிந்தது, ஐந்து வேளை தொழுகிற எனக்குத் தெரியவில்லையா? தெரியும். தெரியாத மாதிரி வைத்திருந்தேன்.

இது எங்கிருந்து தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதில் என் அத்தா என்னையும் குர்ஆன் முழுவதும் மனப்பாடம் செய்த ஹாபிழ் ஆக்கத்தான் மதரஸாவில் கொண்டுபோய் விட்டார். இரண்டு வருடம் இருந்தேன். ஒன்றரை ஜுஸ்வு மனப்பாடம் ஆனது. மூன்றாவது வருடம் திடலில் பந்து விளையாடுகிற சத்தம் கேட்டு சுவரேறிக் குதித்தவன், திரும்பிப் போகவில்லை. உனக்கு இதுவரை நான் சொன்ன கதை, குடும்பக் கஷ்டத்தால் படிப்பு நின்றது என்பது. குடும்பத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் நான்தான். அப்புறம் பன்னிரண்டு வயதில் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, சமையலறை வாசலில் நின்று ஓத ஆரம்பித்தாய். என் ஒன்றரை ஜுஸ்வைக் கடந்து போனாய். நீ கடப்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மா ஈரக் கையோடு அழுதாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "கொஞ்சம் வேகமா ஓதுற" என்றேன். மூன்று மாதம் கழித்து வந்த பிள்ளைக்கு அத்தா கொடுத்த பரிசு அது.

அதற்குப் பிறகு எனக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. எங்கே போனாலும் 'ஹாபிழோட அத்தா'. ஒரு கல்யாண விருந்தில் நான் சோற்றில் கை வைக்கப் போகிற நேரத்தில் ஒருவர் வந்து, "அங்கிள், கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், ஹாபிழ் வர்றாரு" என்றார். நிமிர்ந்து பார்த்தால் நீ வந்துகொண்டிருக்கிறாய். தள்ளித்தான் உட்கார்ந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது, தம்பி. தொண்டையில் மாட்டினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்களே, அந்த மாதிரி அதையும் விழுங்கிக்கொண்டேன்.

நாற்பத்தொன்பதாவது வயதில் யாருக்கும் தெரியாமல் மறுபடியும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. செண்ட்ரல் பக்கத்தில் என் பிரிக்பீல்ட்ஸ் கடையில், ஆள் வராத நேரத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிரதியை வைத்துக்கொண்டு ஷுஅரா அத்தியாயத்தைத் தொடங்கினேன். அதை ஏன் எடுத்தேன் என்றால் வசனங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். எனக்கு மூளையும் அந்த அளவுதான். ஒரு நாள் முனகிக்கொண்டே சாவி வெட்டியதைப் பார்த்து ஒரு பையன் கேட்டான்: "என்னாண்ணே, சாவிக்கு ஓதி ஊதிக் குடுக்குறீங்களா? அப்ப ரெண்டு செட்டா போடுங்க லா." அந்த மாதங்களில் நான் வெட்டிய சாவிகள் எத்தனை வீட்டுப் பூட்டைத் திறக்காமல் திரும்பி வந்தன என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் ஐம்பது வசனம் ஏறியது. மூஸா நபியும் ஹாரூன் நபியும் மன்னன் பிர்அவ்னிடம் போவது, சூனியக்காரர்கள் கயிறுகளைப் போடுவது, தோற்றுப்போய் நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழுந்து, 'மூஸா, ஹாரூனுடைய இறைவனை நம்பினோம்' என்று சொல்வது வரைக்கும். ஐம்பது வசனத்தை வைத்துக்கொண்டு நான் தரையில் நடக்கவில்லை.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த ராத்திரிதான். நம் பள்ளிவாசலில் முதல் தடவையாக உன்னை இரவுத் தொழுகையான தராவீஹ் தொழவைக்க நிறுத்திய ரமலான், பதினாறாவது நோன்பு, பதினாறாவது ஜுஸ்வு. நீ தாஹா அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தாய். உனக்கு நேர் பின்னால், நீ தப்பினால் எடுத்துக் கொடுப்பதற்கென்றே கமிட்டி நிறுத்தியிருந்த இளம் ஹாபிழ். நான் இரண்டாவது வரிசையில். தாஹாவிலும் அதே சூனியக்காரர் கதை வரும். அங்கே அவர்கள் சொல்வது 'ஹாரூன், மூஸாவுடைய இறைவன்' என்று. ஹாரூன் பெயர்தான் முதலில். இதெல்லாம் ஹாபிழ்களுக்கு அரிச்சுவடி. நீ சரியாகத்தான் ஓதினாய். அந்தக் கதையில் எனக்கு ஷுஅராவின் ஐம்பது வசனம்தானே தெரியும்? ரயிலில் தாஹாவை எத்தனையோ தடவை விரலால் தொடர்ந்திருக்கிறேன், ஆனால் விரலுக்குத் தெரிந்தது மூளையில் ஏறவில்லை. நீ தப்பிவிட்டாய் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில் எனக்கு வந்தது பதற்றம் இல்லை. சந்தோஷம். அதுதான் இத்தனை நாளாக நான் சொல்லாதது. கையில் புத்தகம் இல்லாமல், எல்லாருக்கும் நடுவில், என் மகனுக்கு நான் லுக்மா, தப்பிய சொல்லை, எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்ற சந்தோஷம். மூஸா பெயரை முன்னால் வைத்து உரக்கச் சொன்னேன்.

நீ நின்றாய். முந்தின வசனத்திலிருந்து மறுபடி எடுத்து, மறுபடியும் சரியாகவே ஓதினாய். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். இன்னும் உரக்கச் சொன்னேன். அப்போது நீ ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தாயே, அந்த மௌனம் எனக்கு இன்னும் கேட்கிறது. என் குரல் உனக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் பாதிக்கு மேல் அந்தக் குரலுக்குத் திருத்திக்கொண்டே பழகியவன் நீ. உன் சரியை விட்டுவிட்டு என் தப்பை ஓதினாய். உடனே பின்னாலிருந்த இளம் ஹாபிழ் சரியானதை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் உனக்கு எல்லாம் குழம்பிப் போய், அடுத்த வசனம் வராமல், இரண்டு தடவை முட்டி, ஓதலை நிறுத்திக் குனிந்து ருகூஉக்குப் போய்விட்டாய்.

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தலைவர் நூர்தீன் ஹாஜி உன்னிடம் வந்தார். காது மந்தமான மனிதர். "என்னா தம்பி, தாஹாவுல இப்படித் தடுமாறிட்டீங்க? பின்னாடி வேற யாரோ லுக்மா குடுத்த மாதிரி இருந்திச்சே, யாரு?" என்று கேட்டார். நான் நான்கடி தள்ளி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய்: "யாருன்னு கவனிக்கல ஹாஜி. என் தப்புதான். இன்னும் ஓதிப் பழகணும்." சொல்லும்போது நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். இப்படிச் சொல்வதும் ஒரு சாக்குதான். பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். யாரோ ஒருவர் கோப்பையில் கஞ்சி வழிந்து அவர் கையைச் சுட்டுவிட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலை ரயிலில் குர்ஆனைத் திறந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் முகத்தில் அடித்த மாதிரி தெரிந்தது, தப்பு யாருடையது என்று. என்ன செய்தேன்? நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பென்சிலை எடுத்து அந்த வசனத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். தேதியும் எழுதினேன். உன் தப்பு மாதிரி. நீ அடுத்த ஜுஸ்வை ஓத ஆரம்பித்தாய். கொஞ்ச நேரத்தில் ரயில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், அடுத்த ஸ்டேசன் 'கம்போங் டத்தோ ஹாருன்' என்று அறிவித்தது. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் அந்தப் பெண் குரல், ஹாருன் ஹாருன் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒருநாள் லெட்சுமி அக்கா கேட்டார், "என்னாண்ணே, இந்த ஸ்டேசன் வந்தா மட்டும் கண்ண மூடிக்கிறீங்க?" என்று. தூக்கம் என்றேன்.

அதற்கடுத்த ரமலானில் கமிட்டி உன்னைக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அதற்கடுத்த ரமலானிலும் அப்படித்தான். இரண்டு வருடம் நீ என் பக்கத்தில் நின்று, இன்னொருவருக்குப் பின்னால் தொழுதாய். "புள்ள கொஞ்சம் மறந்துட்டாராம்ல?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் "ஆபீஸ் வேலை அதிகம்" என்றேன். உன் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு அற்பத்தனமான நிம்மதி, இப்போது நாம் இருவரும் ஒரே வரிசை என்று. இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் நிக்காஹ் சபையில் உன் பக்கத்தில் உட்கார அதைவிடக் கூசும்.

சுமையா போன் செய்த அன்று மாலையே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போய், தங்க ஓரம் வைத்த புதுக் குர்ஆன் ஒன்று வாங்கி, கல்யாணப் பரிசுத் தாளில் சுற்றி, அலமாரியில் ஒளித்து வைத்தேன். பழையது கிழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். உன் அம்மா கண்டுபிடிக்காத அலமாரி எது?

"இது யாருக்கு?"

"மருமவளுக்கு."

"அவ கேட்டது இது இல்லயே. அந்தப் பென்சில் குர்ஆனத்தானே கேட்டா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கிட்ட கேட்டுட்டுத்தான் உங்களுக்கே போன் பண்ணிருக்கா. ஏங்க, புள்ளையத்தான் குடுக்குறோம், பொஸ்தவத்தக் குடுக்க மனசு வரலயா? இப்படிப் பொறாம புடிச்ச மனுசன நான் பார்த்ததே இல்ல."

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாஹா, கஞ்சி, கோடு, எல்லாம். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "அவன் எங்கிட்ட ஒருநாளும் இதச் சொன்னதில்லங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நூர்தீன் ஹாஜியைப் பிடித்தேன். காது மந்தம் என்பதால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சத்தமாகச் சொன்னதால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாதி ஊருக்குக் கேட்டது. நல்லதுதான் என்று வைத்துக்கொள். இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

"அப்ப புள்ள ஓதினது சரியா?"

"சரி ஹாஜி. தப்பு நான்."

"ரெண்டு நோன்பா இத வயித்துக்குள்ளயே வச்சிருந்தீங்களாங்க? அடப் பாவமே." கைத்தடியைத் தரையில் தட்டினார். அப்புறம், "வர்ற நோன்புக்குத் தம்பிய நிக்கச் சொல்லுங்க. நானே வந்து கேக்குறேன்" என்றார்.

"இல்ல ஹாஜி. செமினியில பொண்ணு வீட்டுப் பள்ளிவாசல்காரங்க முன்னாடியே கேட்டுட்டாங்க. அவனும் சரின்னுட்டான்."

ஹாஜி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. நம் பள்ளிவாசலில் கேட்க வேண்டிய உன் ஓதலை நான்தான் செமினிக்குத் துரத்திவிட்டேன். பொறாமைக்கு இதைவிடச் சரியான கூலி கிடைக்குமா, சொல்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அத்தா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என் தகுதிக்கு ஒன்றே ஒன்று. உனக்குப் பிரியமானவர்கள் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் நின்று கேள். முந்தின வசனத்திலிருந்து மறுபடி எடுத்துப் பார். அதற்கும் பிறகு நீ சரி என்று உனக்குத் தெரிந்தால், பிரியத்துக்காக அதை மாற்றிக்கொள்ளாதே. அன்றைக்கு நீ என் மானத்தைக் காப்பாற்றினாய். ஆனால் எனக்கு அது தேவையாக இருக்கவில்லை. தொழுகை முடிந்து திரும்பிப் பார்த்து, "அத்தா, நீங்கதான் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால், எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கியிருக்காது. மூன்றாவது நாள் நான் ஒழுங்கான மனிதன் ஆகியிருப்பேன். சுமையா உன்னைத் திருத்துவாள். பெரும்பாலும் அவள்தான் சரியாக இருப்பாள், ஒத்துக்கொள். அவள் தப்பும்போது நீயும் சொல், மென்மையாகச் சொல். சொல்லாமல் விழுங்கினால் அது மரியாதை மாதிரிதான் தெரியும். இரண்டு வருடம் கழித்து அது என்னவாக ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பழைய குர்ஆனையே தருகிறேன். சுமையா அதைப் புரட்டும்போது தாஹாவுக்கு வருவாள், அந்தக் கோட்டைப் பார்ப்பாள், அங்கே உனக்குத் தடுமாற்றம் என்று நினைப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று ரப்பரை எடுத்து அழிக்கப் பார்த்தேன். பிறகு அழிக்கவில்லை. அழித்தால் என் தப்பும் அதோடு மறைந்துபோகும். தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக 'இது அத்தாவின் தப்பு' என்று எழுதினேன். நூற்றுக்கணக்கான கோடுகளில் அது ஒன்றுதான் என்னுடையது. மற்றதெல்லாம் உன்னுடையது. பாதிக்கு மேல் நான் குஷியாகப் போட்டது.

வரும் ரமலானில் பதினாறாவது நோன்புக்கு செமினிக்கு வருவேன். கிள்ளானிலிருந்து அத்தனை தூரம் பைக்கில் வரக்கூடாது என்று அம்மா சொல்வாள். வருவேன். கடைசி வரிசையில் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு எனக்கு அரைமணி நேரம் கொடு. தாஹாவில் அந்த எழுபதாவது வசனம் வரைக்கும் நான் இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அந்தக் குர்ஆனைச் சுமையாவிடம் வாங்கி நீ மடியில் வைத்துக்கொள், நான் ஓதுகிறேன். நான் தப்பினால் தொடையைத் தட்டு, கோடு போடு, தேதி எழுது.

பென்சில் மட்டும் என்னிடமே இருக்கும். புத்தகம் அவளுக்கு, பென்சிலைத் தர மாட்டேன். அன்றைக்குச் சட்டைப் பையில் கொண்டுவருகிறேன்.

உன் அத்தா